இல்-அட்வைஸ்ட்: யாரும் தப்பா அட்வைஸ் பண்ணல, நாமதான் பாக்காம பண்ணிட்டோம்

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல 16 வருஷமா மெர்ச்சண்டைசரா இருக்கேன், எங்க வேலையில பாதி நேரம் துணி பாக்கறது, மீதி நேரம் மெயில் பாக்கறது. போன வருஷம் ஒரு வெள்ளை டி-ஷர்ட் ஆர்டர், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு) சிங்கிள் ஜெர்சி பனியன் துணின்னு பையர் அப்ரூவ் பண்ணியிருந்தாங்க, நூல் வர லேட் ஆயிடுச்சு, கையில 160 ஜிஎஸ்எம் துணி ரெடியா இருந்துச்சு, ஷிப்மெண்ட் தேதி கழுத்தைப் புடிக்குதேன்னு கேக்காமலே அதையே கட்டிங்குக்கு விட்டுட்டாங்க. 20 ஜிஎஸ்எம் தானேன்னு தோணும், ஆனா வெள்ளையில அது பெரிய வித்தியாசம், சட்டைக்குள்ள கையை விட்டு வெளிச்சத்துல புடிச்சா அஞ்சு விரலும் எண்ணலாம். சாம்பிள் போய் சேர்ந்த மறுநாள் பையர்கிட்டேர்ந்து மெயில், ரெண்டே வரி, அதுல ஒண்ணு இது: தி ஸ்விட்ச் டு 160 ஜிஎஸ்எம் வாஸ் இல்-அட்வைஸ்ட்.

நான் அன்னைக்கு யூனிட்ல இருந்தேன். ஆபீஸ்ல இருந்த தம்பி, வேலைக்கு சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன பையன், நல்ல பொறுப்பான பையன், அதைப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணி நிம்மதியா சொல்றான், "அக்கா, பையர் நம்ம மேல கோவமா இல்லீங்க, யாரோ நமக்கு தப்பா அட்வைஸ் பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க, நான் உடனே ரிப்ளை போட்டுட்டனுங்க". என்ன போட்டேன்னு கேட்டா, நோபடி அட்வைஸ்டு அஸ் சார், வி டூக் தி டெசிஷன் அவர்செல்வ்ஸ். எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. பையர் எழுதினது "நீங்க யோசிக்காம பண்ணிட்டீங்க"ன்னு, நாம பதில் எழுதினது "ஆமா, யாரையும் கேக்கல, நாங்களாத்தான் பண்ணோம்"னு.

அந்தத் தம்பியை நான் திட்டல, இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அவன் புரிஞ்சுகிட்ட விதத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. எங்க தொழில்ல அட்வைஸ்ங்கிற வார்த்தையை ஒரு நாளைக்கு நாப்பது தடவை பாக்கறோம். பிளீஸ் அட்வைஸ் டெலிவரி டேட், கைண்ட்லி அட்வைஸ் ஸ்டேட்டஸ், இப்படியே. அங்க அட்வைஸ்னா "தெரியப்படுத்து"ன்னு அர்த்தம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனா தமிழ்ல அட்வைஸ்னா இன்னொண்ணு, "சும்மா அட்வைஸ் பண்ணாத"ன்னு சொல்லுவோமே, அந்த புத்திமதி. இந்த ரெண்டையும் தலையில வெச்சுகிட்டு இல்-அட்வைஸ்ட் படிச்சா "தப்பா தெரியப்படுத்தப்பட்ட", இல்லன்னா "கெட்ட புத்திமதி கேட்ட"ன்னுதான் யாருக்கும் தோணும். போதாக்குறைக்கு இல்னா உடம்பு சரியில்லன்னு ஸ்கூல்லயே லீவ் லெட்டர்ல படிச்சு வெச்சிருக்கோம். அதனால இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து, அர்த்தம் என்ன, எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசா எழுதறேன், மெயில் எழுதி பொழைக்கிற எல்லாருக்கும் இது ஒரு நாள் கண்டிப்பா முன்னாடி வந்து நிக்கும்.

அர்த்தம் நேரா சொன்னா: யோசிச்சுப் பாக்காம செஞ்ச, உசிதமில்லாத, விவேகமில்லாத. ஒரு காரியத்தைப் பத்தி சொல்றது, "இது செய்யறதுக்கு முன்னாடி நல்லா பாத்திருக்கணும், பாக்கல"ன்னு. அட்வைஸ் யாரு குடுத்தாங்க, குடுத்தாங்களா இல்லையா, அது இந்த வார்த்தைக்குள்ளயே கிடையாது.

இது ஏன்னு புரியணும்னா அட்வைஸ்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும், இந்த இடத்துலதான் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது டக்குனு புடிபடும். இங்கிலீஷுக்கு அது பழைய பிரெஞ்ச்லேர்ந்து வந்துச்சு, பிரெஞ்ச்ல அவிஸ்னா அபிப்பிராயம், அதோட வேர் லத்தீன்ல "பாக்கறது"ங்கிற வினைச்சொல், விஷன், வீடியோ எல்லாம் வந்த அதே குடும்பம். ஒருத்தருக்கு ஒண்ணு எப்படிப் படுதோ அதுதான் அவரோட அவிஸ். நாமளும் அப்படித்தானே சொல்றோம், "எனக்கு என்ன படுதுன்னா". அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அட்வைஸ்டுன்னா "யோசிச்சுப் பாத்த"ன்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சு. அந்த அர்த்தம் இப்ப தனியா புழக்கத்துல இல்ல, ஆனா மூணு இடத்துல அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு: இல்-அட்வைஸ்ட்ல, வெல்-அட்வைஸ்ட்ல, அப்புறம் அட்வைஸட்லிங்கிற வார்த்தையில. ஐ யூஸ் தி வேர்ட் அட்வைஸட்லின்னு ஒருத்தர் எழுதினா "இந்த வார்த்தையை தெரிஞ்சேதான் போடறேன், வாய் தவறி வரல"ன்னு அர்த்தம்.

இப்ப நம்ம வீட்டுப் பேச்சை யோசிங்க. "பாத்து போ", "பாத்து பேசு", "பாத்து செய்யி". பைக் எடுத்தா அம்மா சொல்றது "பாத்து போப்பா". கண்ணைத் திறந்து வெச்சுக்கோன்னு மட்டும் சொல்லல, யோசனையோட நடந்துக்கோன்னு சொல்றாங்க. நாம பாக்கறதுங்கிற சொல்லை நிதானத்துக்கு பயன்படுத்தற மாதிரியேதான் அந்த லத்தீன் வேரும் வேலை செஞ்சிருக்கு. ஆக இல்-அட்வைஸ்ட்னா "பாக்காம செஞ்சது". இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியல. அன்னைக்கு தம்பிக்கும் நான் இதைத்தான் சொன்னேன், "பாக்காம பண்ணிட்டீங்கன்னு எழுதியிருக்காங்கடா"ன்னு, அவன் முகம் அப்படியே மாறிடுச்சு.

இல்ங்கிறதும் இங்க உடம்பு சரியில்லைங்கிறது இல்ல. அது நார்ஸ் மொழியிலேர்ந்து வந்த பழைய சொல், "கெட்ட, மோசமான"ன்னு அர்த்தம், நோய்ங்கிற அர்த்தம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. இல்-வில்னா கெட்ட எண்ணம், ஸ்பீக் இல் ஆஃப் சம்ஒன்னா ஒருத்தரைப் பத்தி கெட்டதா பேசறது.

அட்வைஸ் கேட்டாலும் ஒரு காரியம் இல்-அட்வைஸ்ட் ஆகலாம், இதுக்கு கோக கோலா கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1985 ஏப்ரல் 23ஆம் தேதி அமெரிக்காவுல அந்த கம்பெனி தன்னோட பழைய ஃபார்முலாவை மாத்தி புது டேஸ்ட் கொண்டு வந்துச்சு, நியூ கோக்னு பேரு நிலைச்சிடுச்சு. சும்மா ஒருத்தர் தோணுச்சுன்னு பண்ணல, கிட்டத்தட்ட 2 லட்சம் பேர்கிட்ட ருசி பாக்க குடுத்து கேட்டுட்டுத்தான் பண்ணாங்க, நிறைய பேர் புதுசு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா பழசை எடுத்துட்டா ஜனங்க மனசு என்னாகும்ங்கிறது அந்த டெஸ்ட்ல தெரியல. போன் மேல போன், ஜூன் மாசத்துல ஒரு நாளைக்கு 1500 கால். 79 நாள்ல, ஜூலை 11ஆம் தேதி, பழைய கோக்கை கிளாசிக்னு பேர் போட்டு திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. இவ்வளவு அட்வைஸ் வாங்கி செஞ்ச காரியத்தை இங்கிலீஷ்காரங்க தயங்காம ஆன் இல்-அட்வைஸ்ட் டெசிஷன்னு சொல்லுவாங்க. பாக்க வேண்டிய ஒரு பக்கத்தைப் பாக்கல, அவ்வளவுதான் விஷயம்.

சரி, இப்ப வாக்கியத்துல எப்படி உக்கார வைக்கிறதுன்னு வருவோம்.

முதல் இடம், பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி. ஆன் இல்-அட்வைஸ்ட் கமெண்ட், ஆன் இல்-அட்வைஸ்ட் இன்வெஸ்ட்மெண்ட், ஆன் இல்-அட்வைஸ்ட் மூவ். உயிரெழுத்துல ஆரம்பிக்கறதால முன்னாடி ஆன்தான் வரும், ஏ வராது, இது நம்ம ஆளுங்க அடிக்கடி விடற இடம். ரெண்டாவது, வாஸ் அல்லது இஸ்ஸுக்கு அப்புறம். தி கமெண்ட் வாஸ் இல்-அட்வைஸ்ட். எங்க பையர் எழுதினது இந்த வகை. இங்க எழுவாயா வர்றது எப்பவும் ஒரு செயல், ஒரு முடிவு, ஒரு பேச்சு, ஒரு திட்டம். மனுஷன் செஞ்சதா இருக்கணும், அதுவும் வேற மாதிரி செஞ்சிருக்க வாய்ப்பு இருந்ததா இருக்கணும். மழைக்கு இது பொருந்தாது, மெஷினுக்குப் பொருந்தாது, சாப்பாட்டுக்குப் பொருந்தாது. இல்-அட்வைஸ்ட் ஆக்சிடென்ட்னு ஒரு ரிப்போர்ட்ல பாத்தேன், அது தப்பு, ஆக்சிடென்ட்டை யாரும் யோசிச்சு முடிவு பண்ணி செய்யறதில்ல. மழையில அந்த லாரியை அனுப்பின முடிவு வேணா இல்-அட்வைஸ்ட்.

மூணாவது இடம்தான் முக்கியம், அங்கதான் ஆள் எழுவாயா வரலாம். யு வுட் பி இல்-அட்வைஸ்ட் டு சைன் திஸ். வுட் பி, அப்புறம் இந்த வார்த்தை, அப்புறம் டு போட்டு ஒரு வினை. இது நடந்து முடிஞ்சதைப் பத்தின பேச்சு இல்ல, வரப்போறதைப் பத்தின எச்சரிக்கை: "இதுல கையெழுத்து போட்டீங்கன்னா அது உசிதமில்ல, அப்புறம் வருத்தப்படுவீங்க". இந்த வுட் பி இல்லாம ஹி இஸ் ஆன் இல்-அட்வைஸ்ட் மேன்னு எழுதினா இன்னைக்கு இங்கிலீஷ்ல காதுக்கு ஒட்டாது. அதே மாதிரி இதுக்கு அப்புறம் பை போட்டு ஆள் பேர் சேக்காதீங்க. வி வேர் இல்-அட்வைஸ்ட் பை தி ஏஜென்ட்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ரெண்டு அர்த்தமும் கலந்து ஒரு குழப்பம் வரும். ஏஜென்ட் நிஜமாவே தப்பா சொல்லியிருந்தா வி வேர் பேட்லி அட்வைஸ்டு பை தி ஏஜென்ட்னு எழுதுங்க, தகவல்தான் தப்புன்னா வி வேர் கிவன் ராங் இன்ஃபர்மேஷன்னு எழுதுங்க, சுத்தமா முடிஞ்சிடும்.

வெல்-அட்வைஸ்ட் இதோட நேர் எதிர், யு வுட் பி வெல் அட்வைஸ்ட் டு கீப் எ காப்பி, "ஒரு காப்பி வெச்சுக்கறது உங்களுக்கு நல்லது". கேக்க இனிமையா இருக்கும், ஆனா வக்கீல் நோட்டீஸ்ல வந்தா அதுக்குள்ள ஒரு மிரட்டல் இருக்கும், "நல்லது"ங்கிறதை அழுத்திப் படிங்க.

இல் சேர்ந்த மத்த வார்த்தைகளோட இதைக் குழப்பிக்கறவங்க நிறைய, அதுக்கு நான் ஆபீஸ்ல எப்பவும் டைட்டானிக் கப்பலைத்தான் எடுப்பேன், ஒரே கதையில நாலு வார்த்தையும் தனித்தனியா நிக்கும். 1912 ஏப்ரல் 14 ராத்திரி 11:40க்கு பனிப்பாறையில இடிச்சுது, மறுநாள் விடியறதுக்குள்ள மூழ்கிடுச்சு, 1500 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தக் கப்பலை இல்-ஃபேட்டட்னு சொல்லுவாங்க, ஃபேட்னா விதி, விதி கெட்டுப்போன கப்பல். இதுல யாரையும் குத்தம் சொல்லல. முன்னாடி பனி இருக்குன்னு மத்த கப்பல்கள்லேர்ந்து வயர்லெஸ்ல தகவல் வந்தும் கிட்டத்தட்ட 22 நாட் (கப்பல் வேகத்தை அளக்கற கணக்கு) வேகத்துல போனாங்களே, அந்த வேகம் இல்-அட்வைஸ்ட். கப்பல்ல சுமார் 2200 பேர், இருந்த 20 லைஃப்போட்ல 1178 பேருக்குத்தான் இடம், அதனால கப்பல் இல்-எக்விப்டு, தேவையான சாமான் இல்லாதது. இத்தனைக்கும் அந்தக் காலத்து சட்டம் கேட்டது 16 போட்தான். போட்டை எப்படி ஏத்தி இறக்கறதுன்னு சரியான பயிற்சி ஆளுங்களுக்கு இல்ல, முதல்ல இறங்கின போட்டெல்லாம் பாதி காலியா போச்சு, அது இல்-பிரிப்பேர்டு.

இதுல நான் ரொம்ப நேரம் நிக்கற ஒரு இடம் இருக்கு. பிரிட்டன்ல நடந்த விசாரணை, அந்த வேகம் ரொம்ப அதிகம்னு சொல்லிட்டு, ஆனா கேப்டன் ஸ்மித் அஜாக்கிரதையா இருந்தார்னு மட்டும் சொல்லல, ஏன்னா அந்த ரூட்ல ஓட்டின மத்த கேப்டன்களும் வானம் தெளிவா இருந்தா வேகத்தைக் குறைக்கறதில்ல, அதான் அப்போதைய வழக்கம். பெரிய தப்பு, ஆனா அலட்சியம் இல்ல. இல்-அட்வைஸ்ட்ங்கிற வார்த்தை உக்கார்ற இடம் கரெக்டா இதான். கெட்ட எண்ணம் கிடையாது, சட்டத்தை மீறினதா இருக்கணும்னு அவசியம் இல்ல, முட்டாள்னும் சொல்லல, அந்த நேரத்துல இருந்த தகவலை வெச்சு இன்னும் நல்லா முடிவு எடுத்திருக்கலாம்ங்கிறதுதான் குத்தச்சாட்டு.

"இருந்த தகவலை வெச்சு"ங்கிறது இங்க முக்கியம். முடிவு கெட்டதா போச்சுன்னு மட்டும் சொல்லி ஒண்ணை இல்-அட்வைஸ்ட்னு சொல்லிட முடியாது, அது அதிர்ஷ்டக் குறைவாவும் இருக்கலாம். 2003 மார்ச் 23, ஜோஹன்னஸ்பர்க், வேர்ல்ட் கப் ஃபைனல், கங்குலி டாஸ் ஜெயிச்சு பவுலிங் எடுத்தார், ஆஸ்திரேலியா 359க்கு 2, பாண்டிங் 140 நாட் அவுட், நாம 125 ரன்ல தோத்தோம். அன்னைக்கு அழுத எனக்கு அது இல்-அட்வைஸ்ட் டெசிஷன்னு பல வருஷம் தோணுச்சு, ஆனா காலையில பந்து கொஞ்சம் ஆடும்னு ஒரு கணக்கு இருந்துச்சே, அதைப் பாத்துத்தானே எடுத்தாங்க, அப்ப அந்த வார்த்தை சரியான்னு இப்பவும் எங்க வீட்டுல சண்டை ஓடுது. அதே மேட்ச்லயோ வேற மேட்ச்லயோ ஃபீல்டர் கையில பந்து இருக்கறது தெரிஞ்சும் ஒருத்தர் ரன்னுக்கு ஓடி அவுட் ஆனா, அது சந்தேகமே இல்லாம ஆன் இல்-அட்வைஸ்ட் சிங்கிள், கமெண்டரியில இதைக் கேட்டிருப்பீங்க.

எவ்வளவு காரமான வார்த்தைன்னு கேட்டா, மேல பாக்க மென்மை, உள்ள நல்ல கனம். முட்டாள்தனம்னு சொன்னா ஆளைத் தொடும், இது ஆளை விட்டுட்டு காரியத்தை மட்டும் தொடும். அதனாலதான் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்துல அரசாங்கத்தையோ ஒரு பெரிய மனுஷரையோ கண்டிக்கறப்ப இதைப் போடறாங்க, மரியாதை குறையாம தப்புன்னு சொல்லிட முடியுது. ஆனா ரொம்ப பெரிய கொடுமைக்கு இதைப் போட்டா அந்தக் கொடுமையைச் சின்னதாக்கற மாதிரி ஆயிடும். குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒருத்தரைக் கொன்னவனோட செயலை இல்-அட்வைஸ்ட்னு எழுதாதீங்க, அங்க ரெக்லெஸ், ரேஷ்தான் சரி. நம்ம சட்டத்துலயே பாரதிய நியாய சன்ஹிதா 281வது பிரிவு ரேஷ் டிரைவிங் பத்திதான் பேசுது, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 279ஆ இருந்தது, 2024 ஜூலை 1லேர்ந்து மாறிடுச்சு.

பக்கத்து வார்த்தைகளையும் லேசா தொட்டுட்டுப் போறேன். அன்வைஸ் இதோட எளிமையான அண்ணன், எங்க வேணாலும் போடலாம், சந்தேகம் வந்தா அதையே போடுங்க. ரேஷ்ல அவசரம் இருக்கணும், நம்ம அவசரக்குடுக்கை. இல்-அட்வைஸ்ட்ல அவசரம் இருக்கணும்னு இல்ல, ஆறு மாசம் மீட்டிங் போட்டும் இல்-அட்வைஸ்டா முடிவெடுக்கலாம். இம்ப்ரூடென்ட்டும் லத்தீன்ல பாக்கறதுலேர்ந்து வந்ததுதான், ஆனா அது முன்கூட்டிப் பாக்காதது, நாளைக்குன்னு யோசிக்காதது, அதனால கடன், சேமிப்பு, செலவு இதுக்கெல்லாம் நல்லா ஒட்டும். இன்டிஸ்க்ரீட்னா சொல்லக்கூடாததை சொல்றது, ஓட்டை வாய். இன்ஜுடிஷியஸ்னா தராதரம் பாத்து அளவா முடிவு பண்ணாதது, டாக்டருங்க ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு எடுக்கறதைப் பத்தி எழுதறப்ப இதைப் போடுவாங்க. இதோட எதிர்ப்பதம் ஜுடிஷியஸ், அதை ஜுடிஷியல்னு எழுதிடாதீங்க, ஜுடிஷியல்னா கோர்ட் சம்பந்தப்பட்டது, மேனேஜரோட ஜுடிஷியல் டெசிஷனுக்கு நன்றின்னு எழுதினா அவர் நீதிபதி ஆயிடுவார். இனட்வைசபிள்னு ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலும் இன்னும் செய்யாத காரியத்தைப் பத்தி பொதுவா சொல்றது, "இந்த நிலைமையில டிராவல் வேணாம்"னு டாக்டர் சொல்ற மாதிரி. செஞ்சு முடிச்சதை எடை போடறதுக்கு இல்-அட்வைஸ்ட்தான்.

இல்-கன்சீவ்டு மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், படிச்சவங்களே மாத்திப் போடறாங்க. கன்சீவ்னா கருத்தரிக்கறது, இல்-கன்சீவ்டுன்னா கருவுலயே கோளாறு, திட்டமே தப்பாப் பொறந்தது. எங்க கதையில 160 ஜிஎஸ்எம் துணியில தப்பில்ல, கோடைக்கு அந்தத் துணியில எத்தனையோ ஸ்டைல் ஓடுது. அந்த ஆர்டருக்கு, அந்த வெள்ளைக்கு, பையரைக் கேக்காம மாத்தினதுதான் தப்பு. அதனால பையர் இல்-கன்சீவ்டுன்னு எழுதல, இல்-அட்வைஸ்ட்னு எழுதினாங்க, ரொம்ப அளந்து போட்ட வார்த்தை அது.

உங்க மெயில்ல நீங்களே போடறப்ப ஒரே ஒரு ஜாக்கிரதை. நம்ம பக்கத்துத் தப்பை ஒத்துக்க இதைவிட நல்ல வார்த்தை கிடையாது, கெஞ்சாம, நடிக்காம, நேரா ஒத்துக்கலாம். எதிர்ல இருக்கறவங்களோட ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு யுவர் இல்-அட்வைஸ்ட் டெசிஷன்னு எழுதினா மட்டும் அது கன்னத்துல அறைஞ்ச மாதிரி, மேலதிகாரிக்கு அப்படி எழுதவே வேண்டாம். இன்னும் நடக்காத ஒண்ணைத் தடுக்கணும்னா வி வுட் பி இல்-அட்வைஸ்ட் டுன்னு நம்மையும் சேத்து எழுதுங்க, "நாம அப்படி பண்ணா சரியா வராது"ங்கிற தொனி வந்துடும். கொஞ்சம் இறக்கி சொல்லணும்னா முன்னாடி பெர்ஹாப்ஸ் அல்லது சம்வாட் சேருங்க, ஏத்தணும்னா கிளியர்லி.

அன்னைக்கு நாங்க அப்படித்தான் சமாளிச்சோம். நான் ஆபீஸுக்கு ஓடி வந்து, தம்பியைப் பக்கத்துல உக்கார வெச்சு, ரெண்டாவது மெயில் போட்டோம். வி அக்ரீ தட் தி சேஞ்ச் வாஸ் இல்-அட்வைஸ்ட். வி ஷுட் ஹாவ் டேக்கன் யுவர் அப்ரூவல் பிஃபோர் கட்டிங். அதுக்குக் கீழ 180 ஜிஎஸ்எம் எப்ப வரும், எத்தனை பீஸ் திரும்ப ஓட்ட முடியும்னு கணக்கு. அவங்க வார்த்தையையே எடுத்து திருப்பிக் குடுத்தது நல்லா வேலை செஞ்சுது, முதல் மெயிலைப் பத்தி அவங்க பேச்சே எடுக்கல. 10 பர்சென்ட் டிஸ்கவுன்ட் கேட்டவங்க 6ல நின்னாங்க.

தமிழ்ல மொழிபெயர்க்கறவங்களுக்கு: "தவறான ஆலோசனையின் பேரில்"னு போட்டா அர்த்தம் கெட்டுடும், இல்லாத ஒரு ஆலோசகரை உள்ள கொண்டு வந்த மாதிரி. எழுத்துத் தமிழுக்கு விவேகமற்ற, முன்யோசனையற்ற, உசிதமற்ற, இதுல இடத்துக்கு ஏத்ததை எடுங்க. எனக்குப் புடிச்சது உசிதம், "அது உசிதமில்லை"ன்னு பெரியவங்க சொல்றப்ப இருக்கற அதே மரியாதையும் அதே கண்டிப்பும் இங்கிலீஷ் வார்த்தையிலயும் இருக்கு. பேச்சுல "பாக்காம பண்ணது" போதும்.

டைப் பண்றப்ப ரெண்டு விஷயம். வாக்கியத்தோட தொடக்கத்துல இது வந்தா பெரிய ஐயும் ரெண்டு எல்லும் சில ஃபான்ட்ல மூணு குச்சி மாதிரி தெரியும், ரோமன் எண் மூணுன்னு நினைச்சுக்குவாங்க, அதனால முடிஞ்சா நடுவுல கொண்டு வாங்க. போன்ல அடிச்சா ஆட்டோகரெக்ட் இதை ஐ வில்லோட சுருக்கமா மாத்தி நடுவுல ஒரு மேற்குறி போட்டுடும், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. நடுவுல ஹைஃபன் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா கண்டிப்பா வேணும், பின்னாடி வந்தா சிலர் விட்டுடுவாங்க, நான் ரெண்டு இடத்துலயும் போட்டுடுவேன். சொல்றப்ப எஸ்ஸை பாம்பு சீறற மாதிரி சொல்லாம தேனீ ரீங்காரம் மாதிரி சொல்லணும், அறிவுரைங்கிற பெயர்ச்சொல்லுக்குத்தான் சீறல், வினைக்கும் இந்த வார்த்தைக்கும் ரீங்காரம்.

அந்தத் தம்பி இப்ப ரெண்டு பையரை தனியா பாத்துக்கறான். போன மாசம் ஒரு பையர் அவசரம் அவசரம்னு நெருக்கினாங்க, கலர் சரியான்னு பாக்க சாயம் போட்டு அனுப்பற சின்னத் துணித் துண்டு, அந்த லேப் டிப்புக்கு அப்ரூவல் வரல, ஆனா பல்க் டையிங், அதாவது மொத்தத் துணிக்கும் சாயம் போடறதை, ஆரம்பிச்சுடுங்கன்னு அவங்க பக்கத்துலேர்ந்தே ஒருத்தர் எழுதியிருந்தாங்க. தம்பி என்கிட்ட கேக்காமலே டிராஃப்ட் போட்டு திரையைத் திருப்பிக் காட்டினான்: வி வுட் பி இல்-அட்வைஸ்ட் டு ஸ்டார்ட் பல்க் டையிங் பிஃபோர் தி லேப் டிப் இஸ் அப்ரூவ்டு. "சரியாங்க்கா"ன்னான். அனுப்புன்னேன். மறுநாள் காலையில பதில் வந்திருந்துச்சு: அக்ரீட். பிளீஸ் அட்வைஸ் ரிவைஸ்டு டெலிவரி டேட்.